நூலகரின் புதுத் தொழில்

சிவனொளிபாத மலைக்கு ஏறச் சென்றோர் நல்லதண்ணியைக் கண்டிருப்பர். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை அவ்வூரில் இரவும் பகலைப் போன்றே விளங்கும். பருவம் முடிந்ததும் யாத்திரிகர் கூட்டம் கலைந்துவிடும். எஞ்சுவன மழையும் மூடுபனியும் தேயிலைத் தோட்டங்களும் அத்தோட்டங்களிலே உழைக்கும் மக்களும்தாம். அந்த மழைக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டு, அது காகிதம். லயக்காம்பிராவில் தகரப் பெட்டியின் அடியிலே பத்திரமாய் மடித்து வைத்த பிறப்புச் சான்றிதழை இரண்டு மாரிக்குப் பின் எடுத்து விரித்தால், மடிப்புகள் பிரிந்து மை பரந்து பாதியும் படிக்க இயலாத நிலையில் இருக்கும். எஞ்சியதை இராமபாணப் பூச்சி முடித்து வைக்கும்.

பிற இடங்களிலே காகிதம் அழிந்தால் நினைவு அழிந்தது என்று வருந்துவர். மலையகத்திலோ காகிதம் அழிந்ததால் நாடே அற்றுப்போன மாந்தர் பலர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் அதற்கு மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தையும் நேயர்கள் அறிவர். மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இத்தீவில் இடையறாது வாழ்ந்ததைச் சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டுமென்று அப்பிந்திய சட்டம் கேட்டது. தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தவிர வேறு பதிவேடு வைத்திராத ஒரு குடும்பம் எதைக் காட்டும்? விண்ணப்பித்தோரில் பெரும்பாலோர் தள்ளப்பட்டனர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர்; எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்பட வேண்டியவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், அந்த 1964ஆம் ஆண்டு நாள் முதலாக இங்கு நிரந்தரமாய் வாழ்ந்தவரா என்பதே வினாவாயிற்று. ஒரு துண்டுக் காகிதத்திற்கு இவ்வளவு நீண்ட ஆயுள் வேண்டியிருக்கிறது!

காகிதம் மட்டுமன்று, ஊரே மறைந்த வரலாறும் அப்பகுதிக்கு உண்டு. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டணம் நீரில் மூழ்கிற்று. இன்றுள்ள மஸ்கெலியா மேட்டிலே எழுந்த புதிய ஊர். கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இடிபாடுகளாய் வெளிப்படும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். அந்தப் பட்டணத்தின் கடைவீதி எப்படியிருந்தது, எந்தக் கடையில் பத்திரிகை விற்றது என்பன முதியோர் நினைவிலும் சில குடும்பங்களின் புகைப்படங்களிலும் மட்டுமே தங்கியுள்ளன. நீர் தாழ்ந்தால் கோயில் மீண்டும் தெரியும். பூஞ்சணம் பிடித்த படம் மீண்டும் தெரியாது.

இத்தகைய ஊரை அண்டிய சிறு நூலகம் ஒன்றிலே பணிபுரியும் நூலகரை எண்ணிப் பார்ப்போம். நூல்களை அடுக்குவதும், இரவல் ஏட்டில் பதிவதும், நாளிதழ்களை மேசையில் விரிப்பதும் அவர் பழகிய தொழில். இப்போது அவர்முன் ஒரு கணினி வைக்கப்படுகிறது. கையிலே ஒரு கைப்பேசி இருக்கிறது. இணையம் மழையில்லாத வேளையில் வருகிறது. "இனி எல்லாம் இதிலேயே கிடைக்கும், நூலகர் எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. ஐம்பதைக் கடந்த அந்நூலகர் பதினைந்து வயது மாணவியிடம் அக்கருவியைக் கற்றுக்கொள்கிறார். இதில் நாணுவதற்கு ஏதுமில்லை. சீர்காழியிற் பிறந்த சீ. இரா. ரங்கநாதன் கணித ஆசிரியராய் இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அத்தொழிலில் ஒன்றும் அறியாதவராகவே நாற்காலியில் அமர்ந்தார். வேலை சலித்து மீண்டும் கல்லூரிக்கே போக விரும்பினார் என்பர். 32 வயதில் இலண்டனுக்குச் சென்று மாணவராய் உட்கார்ந்தார். அங்கே ஒரு கடையில் துண்டுகளைப் பொருத்திப் பல உருவம் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுவே. பொம்மைக் கடையிலும் பாடம் கற்கலாம் என்றால் கைப்பேசியிலும் கற்கலாம்.

ஆயின் கற்க வேண்டியது எது? பொத்தானை அழுத்துவது அரை நாளில் கைவரும். கடினம் அதற்கப்பால் இருக்கிறது. இலங்கையில் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்தனர். திரையில் அது அழகிய தமிழே. ஆனால் கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்ததை அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தோன்றும்! பத்தாண்டு உழைத்துத் தட்டிய நூற்பட்டியல் ஒன்று இவ்வாறு இருக்குமானால், அதில் எந்தத் தமிழ்ச் சொல்லையும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஒருங்குறிக்கு மாற்றினால்தான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அது கண்ணிற்படும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் முதலில் வேறொரு குறியீட்டில் நூல்களை ஏற்றிப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியவர்களே.

அடுத்தது பெயர்ச் சிக்கல். தோட்டத் தொழிலாளர்க்காகப் பத்திரிகை நடத்தி, 1947இல் மறைந்த தலைவர் கோ. நடேசய்யரை எடுத்துக் கொள்வோம். அவரும் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டந்தோறும் பாடிப் பரப்பிய சிறு வெளியீடுகள் சில பக்கமே கொண்டவை. இன்று கிடைத்தற்கு அரியவை. அவர் பெயரை நடேசய்யர் என்றும், நடேச ஐயர் என்றும், நடேசையர் என்றும் எழுதுவர். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் பல வடிவம் பிறக்கும். இயந்திரத்திற்கு இவை வேறு வேறு மனிதர். ஒரு வடிவத்தைத் தட்டிய மாணவர், "எதுவும் இல்லை" என்ற விடையைப் பெற்று எழுந்து போய்விடுவார். பழைய நூலகரோ இதற்கு மருந்து அறிந்தவர். பட்டியல் இழுப்பறையில் ‘நடேச ஐயர்: காண்க, நடேசய்யர், கோ.’ என்று ஒரு சிறு அட்டை வைப்பார். அந்தக் ‘காண்க’ அட்டைதான் இன்று கணினிக்கு மிகவும் தேவை. புதுக் கருவியைக் கற்கும் நூலகர் தம் பழைய தொழிலை விட்டுவிட்டு வருவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. பழைய அச்சுக்களை எழுத்தாக மாற்றும் மென்பொருளும் பழைய ‘ணை’, ‘றா’ வடிவங்களைக் கண்டு தடுமாறும். திருத்துவதற்கு ஒரு மனிதக் கண் வேண்டும்.

இவ்வேலை வீண் அன்று என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. 2005இல் இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்ற பெயரில் இணைய நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் எனப் பல பல்லாயிரம் ஆவணங்கள் இன்று அங்கே எவரும் படிக்கத் திறந்திருக்கின்றன. நூலகவியலாளர் என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்னும் தொகுதிகளில், தொகுதிக்கு ஆயிரம் நூலாக, ஈழத்து நூல்களின் விவரங்களைத் திரட்டி வருகிறார். முன்னதில் நூல் இருக்கிறது. பின்னதில் நூலின் குறிப்பு இருக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று குருடு. மலையகத்து வெளியீடுகள் இவற்றில் மேலும் சேர வேண்டுமானால், கண்டியிலோ கொழும்பிலோ இருப்பவர் தேடி வருவார் என்று காத்திருக்க இயலாது. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் இருப்பவரே கை வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணிற் பட்டதையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது நூலகர் வேலையன்று. சங்கத்தின் துண்டுப் பிரசுரம், பாடசாலை மலர், திருவிழா அழைப்பிதழ் ஆகியவற்றை உரியவர் இசைவோடு ஊரறிய வைக்கலாம். ஒரு குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பமும் அடையாள அட்டையும் அவ்வாறல்ல. அவற்றைப் படமெடுத்து அக்குடும்பத்தின் கையிலேயே ஒரு படியைக் கொடுத்து, மூலத்தைக் காய்ந்த உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும். நூலகர் அவற்றை மூடி வைப்பதும் ஒரு கற்பித்தலே. வந்தவர் நாளை இன்னொருவரையும் அழைத்து வருவார்.

செலவு பெரிதன்று. கைப்பேசியை அசையாது தாங்கும் ஒரு நிலை, வெயில் நேரே விழாத சாளரத்தருகே ஒரு மேசை, தாளைத் தட்டையாக வைக்க ஒரு கண்ணாடித் துண்டு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வரும் தெளிவு. படி மூன்று, ஒன்றை வேறோர் ஊரிலே வைத்தல். ஒவ்வொரு படத்தோடும் பெயர், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்ற மூன்று வரிகளை அன்றே எழுதிவிடல். நாளை எழுதலாம் என்று ஒதுக்கிய படத்துக்கு எவரும் பெயர் சொல்லத் தெரியாத நாள் விரைவில் வரும். பழைய மஸ்கெலியாவின் கடைவீதிப் படத்தைப் பார்த்து, "இது இன்னாரின் கடை" என்று சொல்லக் கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகின்றன. மழை விட்ட நாளில் அவர்களை நூலகத்துக்கு அழைத்து, ஒரு தேநீர் கொடுத்து, படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிக் கேட்கலாம்.