கோணல் தெரியும் இடமும் குறை இருக்கும் இடமும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இவர்களுக்கென்று 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. விமானத்தின் பெரும்பகுதியை அவர்களே, தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவர்கள் செய்யும் ஒரு வேலையிலிருந்து கணக்காசிரியராகிய நான் பாடம் கற்றேன்.

விமான இறக்கைக்குள் விலா எலும்புகள்போல் அலுமினியத் தகட்டுச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் வளைந்த ஓரத்தை விளிம்புபோல் மடித்திருப்பார்கள். மேல்தகட்டை அந்த விளிம்பில்தான் ரிவெட் அடிப்பார்கள். புதிதாக வார்ப்பில் மடித்த சட்டத்தை மேசையில் வைத்தால் தட்டையாகப் படியாது. வில்போல் வளைந்து நிற்கும்.

ஏன்? ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி கட்டிப் பாருங்கள். வாய்மேல் துணி விறைப்பாக நிற்கும். மடிந்து இறங்கும் ஓரத்தில் சுருக்கம் விழும். அங்கே துணி மிகுதி. துணி சுருங்கிக்கொள்ளும், அலுமினியம் எளிதில் சுருங்காது. விளிம்பில் மிஞ்சிய நீளம் நடுத்தகட்டைத் தள்ளி வளைக்கிறது.

நடுத்தகட்டைச் சுத்தியலால் தட்டினால் கோணல் போகாது, தகடுதான் கெடும். விவரம் தெரிந்தவர் அதற்கென்று உள்ள ஒரு குறடால் விளிம்பில், ரிவெட் துளைகளுக்கு இடையே, உட்புறமாகச் சிறு நெளிவு வைப்பார். மிகுதி நீளம் அதில் அடங்கும். மறுபடி மேசையில் வைத்துப் பார்ப்பார். தேவையென்றால் இன்னொரு நெளிவு. அளவு மீறினால் சட்டம் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். துளைகள் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்திவிடுவார்.

இதைப் படித்தபோது என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவளுக்கு வகுத்தல் தொடர்ந்து தப்பியது. நான் தினம் பத்து வகுத்தல் கணக்கு கொடுத்தேன். ஒரு மாதத்தில் அவள் கணக்கு நோட்டைத் திறப்பதையே விட்டுவிட்டாள். நான் தட்டிக்கொண்டிருந்தது நடுத்தகட்டை!

மறுநாள் அவளை அருகில் அமர்த்தி, “312ஐ 4ஆல் வகு பாப்பா, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்” என்றேன். ஏழுநான்கு இருபத்தெட்டு என்று சரியாகச் சொன்னாள். அடுத்து 31இலிருந்து 28ஐக் கழித்து 17 என்று எழுதினாள். “ஒன்றில் எட்டு போகாது சார், அதனால் எட்டில் ஒன்றைக் கழித்தேன்” என்றாள். அவளுக்கு வாய்ப்பாடும் தெரியும், வகுத்தலும் தெரியும். கடன் வாங்கிக் கழிப்பதுதான் தெரியவில்லை.

பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து நான்கு நாள் கழித்தல் மட்டும் செய்தோம். ஐந்தாம் நாள் வகுத்தல் தானாக நேரானது. அத்துடன் கூடுதல் பயிற்சியை நிறுத்திக்கொண்டேன்.

நண்பர்களே, விடைத்தாளில் நாம் சிவப்பு மையால் சுழிக்கும் இடம் கோணல் தெரியும் இடம். குறை வேறோர் அடியில் இருக்கலாம். நாளை பத்துக் கணக்கு கொடுக்கும் முன், அந்தப் பிள்ளையை ஒரே ஒரு கணக்கை வாய்விட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.