வலுவிழந்த வானலைத் தொடர்பு

இமாசலப் பிரதேசத்து மலைச்சரிவில் ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையம். 5 கிலோமீட்டருக்கு அப்பால், எதிர்ச்சரிவில், ஒரு மருத்துவமனை. இரு கூரைகளிலும் தட்டு ஆன்டெனாக்களை நிறுவி, 5.8 கிகாஹெர்ட்ஸ் வானலையால் இணைத்திருப்பதாகக் கொள்வோம். பனிக்காலத்தில் குரலும் படமும் தெளிவாக வந்தன. வேனில் பிறந்ததும் திரையில் மருத்துவரின் முகம் உறைந்து நிற்கிறது, நோயாளி காத்திருக்கிறார்.

இந்நிலையில் அனுப்பும் ஆற்றலைக் கூட்டவே நம் கை முதலில் நீளும். அது தவறு. ஆற்றலுக்குச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. குறையின் காரணமும் அதனால் விலகாது.

முதற்கண் அளத்தல் வேண்டும். தூரம், அதிர்வெண், ஆன்டெனாவின் திறன் ஆகியவை தெரிந்தால், வந்துசேர வேண்டிய வலிமையைக் கணக்கிடலாம். அதனினும் 20 டெசிபெல் குறைந்தால், நூறில் ஒரு பங்கே வருகிறது என்பது பொருள். வலிமை குறையாதிருந்தும் வேகம் குன்றினால், பிறர் அலைகளின் குறுக்கீட்டை ஐயுறலாம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பல பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்த நம் நாட்டில் 2018-இல் வழி பிறந்தது. ஆதலால் அங்கே நெரிசல் இயல்பே. அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

வலிமையே குறைந்திருப்பின், பாதையை ஆராய வேண்டும். எதிர்க்கூரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். வானலையோ நூலிழைபோல் செல்வதன்று. நடுவழியில் பருத்துச் செல்வது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெலின் பெயரால் வழங்கும் அப்பரப்பின் ஆரம், நாம் கூறிய தொடர்பில், நடுவே ஏறத்தாழ 8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது சுமார் 5 மீட்டர், தடையின்றி இருத்தல் நலம். பனிக்காலத்தில் இலையுதிர்த்து நின்ற அக்ரூட் மரம் வேனிலில் தழைத்து அப்பரப்பை மறைத்திருக்கலாம். அவ்வாறாயின் ஆன்டெனாவை உயர்த்துவதே பரிகாரம்.

பாதை தெளிவாயின், ஆன்டெனாவின் திசையைச் சோதிக்க வேண்டும். ஆன்டெனாவுக்கு முதன்மைக் கதிரேயன்றி, வலிமை குன்றிய பக்கக் கதிர்களும் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சரியான திசையென மயங்கி, அங்கேயே திருகை முடுக்கிவிடுதல் உண்டு. ஆகவே, இருபுறமும் அகலத் திருப்பிப் பார்த்து, மிக உயர்ந்த அளவு கிட்டும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். மழைக்குப்பின் மட்டும் தொடர்பு தளர்ந்தால், கம்பி முனையின் இணைப்பில் நீர் புகுந்திருக்கிறதா என்று காண்க.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்து வைப்போமாக. அடுத்த ஆண்டு மரம் மீண்டும் தழைக்கும்போது, அக்குறிப்பேடு நோயாளி காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்.