காற்று தீர்ந்துவிடுமா?



பூமியின் காற்றில் கொஞ்சம் தினந்தோறும் ஆகாயவெளிக்கு ஓடிப்போகிறது என்று நாம் சொன்னவுடன், "ஐயோ, உலகம் அழியப் போகிறதா? சாந்தி செய்ய வேண்டாமா?" என்கிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டுப் பயப்படுவோம்.

மேலே எறிந்த கல் கீழேதான் விழுகிறது. பூமியை விட்டுப் போக விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதைக் கொடுப்பவர் வாயு பகவானா? இல்லை, சூரியனிலிருந்து வரும் சக்தி. சூரிய ஒளி மேல்காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கிறது. மிஞ்சுவதற்கு அயனி என்று பேர். எலக்ட்ரான் மிக லேசானதால் மேலே ஓடப் பார்க்கிறது. அயனியையும் கூடவே இழுக்கிறது. ஹைட்ரஜன் அயனிக்கு இந்த இழுப்பே போதும். கனத்த ஆக்ஸிஜனுக்குப் போதாது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின் சக்தி துருவப் பக்கங்களில் இறங்கிச் சூடேற்றித் தள்ளினால்தான் அது தப்பும். சக்தி ஏறினால் ஓட்டமும் ஏறும்.

இந்தத் துருவக் காற்றைப் பற்றி 1968-லேயே எழுதினார்கள். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று எவரும் சும்மா இருக்கவில்லை. 2022 மே மாதம் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து ராக்கெட் விட்டு அந்த இழுப்பை அளந்தார்கள். 0.55 வோல்ட்! டார்ச் விளக்கின் ஒரு செல்லில் பாதிகூட இல்லை.

சரி, நஷ்டம் எவ்வளவு? நாளொன்றுக்குச் சுமார் 90 டன். இருப்போ 5-க்குப் பின் 15 சைபர் போட்ட டன். இதே வேகத்தில் தீர 15,000 கோடி வருஷமாகும். சூரியனின் ஆயுளே இன்னும் சுமார் 500 கோடி வருஷந்தான்.

ஆகவே தோழர்களே, சாந்திக்கு வைத்த பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குங்கள். நாம் சொன்னதையும் நம்பிவிடாதீர்கள்; கணக்குப் போட்டுப் பாருங்கள்.