சாத்தன் என்னும் பெயர்

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே ஒருவனைச் சந்திக்கின்றனர். அவன் பெயர் சாத்தன். எழுவாய்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? சாத்தன் வந்தான். செயப்படுபொருளுக்கு வேண்டுமா? சாத்தன் சோற்றை உண்டான். ஆறாம் வேற்றுமைக்கு வேண்டுமா? சாத்தனது வீடு. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர் காலந்தொட்டு அவன் ஓயாமல் வந்துகொண்டும் உண்டுகொண்டும் இருக்கிறான். ஆயினும், அந்த இலக்கணம் நடக்கும் வகுப்பிலே சாத்தன் என்னும் பெயருடைய மாணவன் ஒருவனேனும் உளனா என்று பார்த்தால், காண்பது அரிது. முப்பது ஆண்டுகட்கு மேல் வருகைப் பதிவேடு படித்த எனக்கும், அப்பெயரை அப்படியே தாங்கிய மாணவன் ஒருவனும் வாய்த்திலன். நூலிலே நாள்தோறும் வழங்கும் பெயர் நாட்டிலே வழங்காமற் போனது ஏன்? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இலக்கண ஆசிரியர் எடுத்துக்காட்டுக்கு அரிய பெயரைத் தேடிச் செல்வதில்லை. கேட்ட மாத்திரத்தில் எவர்க்கும் விளங்கும் பெயரையே எடுத்தாள்வர். வடமொழி இலக்கணத்தில் தேவதத்தன் என்னும் பெயர் அவ்வாறு நிற்கிறது. தமிழில் அவ்விடத்தைச் சாத்தனும் கொற்றனும், சாத்தியும் கொற்றியும் பெற்றனர். எனவே, ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் தெருவில் நின்று 'சாத்தா' என்று அழைத்தால் பலர் திரும்பிப் பார்த்திருப்பர் என்று நாம் கருதலாம்.

இப்பெயரின் பொருள் யாது? 'சாத்து' என்பது பழந்தமிழில் வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சொல். அக்காலத்து நெடுவழிகள் காடும் மலையும் ஊடறுத்துச் சென்றன. வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர் அச்சமும் மிகுதி. ஆகவே, வணிகர் தனித்துச் செல்லாமல் கூட்டமாகவே சென்றனர். மிளகுப் பொதிகளைச் சுமந்து செல்லும் கழுதைகளின் சாத்தைப் பெரும்பாணாற்றுப்படையில் காண்கிறோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் தந்தையின் பெயர் மாசாத்துவான். பெரிய வணிகக் கூட்டத்தின் தலைவன் என்பது அதன் பொருள். வடமொழியில் 'சார்த்தவாகன்' என்று வழங்கும் சொல்லோடு இதனை அறிஞர் இணைத்துக் காட்டுவர். வேறு சிலர், சாத்தன் என்பது 'சாஸ்தா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் என்பர். ஆள்பவன், கற்பிப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். ஐயனாருக்குச் சாத்தன் என்றொரு பெயர் உண்டு என்பதும் நாம் அறிந்ததே. சிலப்பதிகாரத்தில் வரும் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டில் எதனைக் கொண்டாலும், பிறரை முன்னின்று நடத்துபவன் என்னும் கருத்தே இப்பெயரில் அடங்கியுள்ளது. இழிவு என்பது இதில் இம்மியும் இல்லை.

இனி, இப்பெயரைத் தாங்கியோர் யார் என்று பார்ப்போம். மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனாரை முதலில் நினைக்கிறோம். அவர் மதுரையில் கூலவாணிகம் செய்தவர், அதாவது தானியம் விற்றவர் என்பது மரபு. பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், மோசி சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் என்று சங்கப் புலவர் வரிசை நீள்கிறது. ஒக்கூர் மாசாத்தனாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் ஒரே ஊரினர்; பெயரும் ஒன்றே, பால் மட்டும் வேறு. கொடையாலும் வீரத்தாலும் சிறந்த ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாண்டபோது, அவன் நாட்டில் மலர்ந்த முல்லைக் கொடியை நோக்கி, 'இனி உன்னைச் சூடுவார் யார்?' என்னும் கருத்துத் தோன்றக் குடவாயிற் கீரத்தனார் இரங்கிப் பாடினார். புறநானூற்றின் 242ஆம் பாட்டு அது. மாணவர் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும்.

ஏடுகளில் மட்டுமன்றிக் கல்லிலும் இப்பெயர் உண்டு. ஈரோட்டை அடுத்த அரச்சலூர் மலைக் குகையில், இசைக்கு உரிய எழுத்து அடைவுகள் பாறையிலே வெட்டப்பட்டுள்ளன. அவற்றைத் தொகுத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. வண்ணக்கன் என்பான் நாணயத்தின் தரம் பார்ப்பவன். பொன்னையும் காசையும் ஆராய்ந்த ஒருவன் இசையையும் ஆராய்ந்தான் என்பது எத்துணை இனிய செய்தி! திருப்பரங்குன்றத்திலோ, கி.பி. 773இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியாய் விளங்கிய சாத்தன் கணபதி என்பவன் கோயிற் பணி செய்தான். அவன் மனைவியும் அங்கே திருப்பணி புரிந்தாள். அவள் பெயர் நக்கன் கொற்றி. இலக்கண நூலில் அடுத்தடுத்து நிற்கும் சாத்தனும் கொற்றியும் ஒரு குன்றின்மீது கணவனும் மனைவியுமாய் நிற்கக் காண்கிறோம்!

கடலுக்கு அப்பாலும் இப்பெயர் சென்றது. எகிப்து நாட்டில், செங்கடற் கரையில், குசெய்ர் அல்-கதீம் என்னும் பழந்துறைமுகம் உண்டு. அங்கே 1978 முதல் 1982 வரை நடந்த அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இரண்டு கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்றில் 'கணன்' என்றும், மற்றொன்றில் 'சாதன்' என்றும் இருந்தன. கண்ணன், சாத்தன் என்பனவே இவை. மெய்யெழுத்தை இரட்டித்து எழுதாத பழைய வழக்கால் அவ்வாறு அமைந்தன. அவற்றின் சிறப்பை எடுத்துக் காட்டியவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அந்தச் சாத்தன் எந்த ஊரினன், மீண்டும் தன் ஊர் வந்து சேர்ந்தானா என்பனவற்றை அந்த ஓடு சொல்லவில்லை. ஆயினும், பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்த ஒரு தமிழன் தன் பெயரைத் தன் எழுத்தாலேயே தன் கலத்தில் எழுதி வைத்தான் என்பது உறுதி. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததென்று சொல்லப்படும் பெயர் வணிகத் துறைமுகம் ஒன்றிலே கிடைத்தது மிகவும் பொருத்தமே.

இவ்வளவு பெருமையும் பெற்ற பெயர் பின்னர் அருகியதேன்? காரணம் ஒன்றன்று. இடைக்காலத்தில் கோயில்களும் புராணங்களும் பெருகியபோது, தெய்வங்களின் வடமொழிப் பெயர்கள் மக்கட் பெயர்களாகப் பரவின. ஆதன், பூதன், கீரன், கொற்றன், சாத்தன் என்ற சிறு பெயர்கள் மெல்ல ஒதுங்கின. சேரநாட்டில் இப்பெயர் நெடுங்காலம் வாழ்ந்தது. அங்கு வழங்கும் பன்னிரு உடன்பிறந்தார் கதையில் அகவூர்ச் சாத்தன் ஒருவன். ஆனால், உழைக்கும் எளிய மக்களின் பெயராக அது நின்றபோது, மேல்நிலையில் இருந்தோர் அதனை விட்டு விலகினர். பெயரைத் தாங்கியவரைத் தாழ்வாக எண்ணிய சமுதாயம், பெயரையும் தாழ்வாக எண்ணியது. குட்டிச்சாத்தான் என்று ஒரு குறும்புத் தேவதையின் பெயராகவும் அது மாறியது. இதற்குமேல், விவிலியத்தின் வழியே 'சாத்தான்' என்னும் சொல் தமிழில் வந்து சேர்ந்தது. அஃது எபிரேயச் சொல். எதிர்ப்பவன் என்பது அதன் பொருள். சாத்தனுக்கும் சாத்தானுக்கும் ஒலியில் ஒரு மாத்திரையே வேறுபாடு. பிறப்பிலோ யாதொரு உறவும் இல்லை. இருந்தும், ஒலி ஒப்புமை ஒன்றே பழிக்குப் போதுமானதாயிற்று.

அந்தப் பழி எவ்வாறு ஒரு சிறுவனைத் தீண்டுகிறது என்பதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். இப்பெயரின் வழிவந்த பெயர் ஒன்றை உடைய மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பிற் படித்தான். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் காலத்தில் ஒருநாள் என் அறைக்கு வந்து, "ஐயா, சான்றிதழில் என் பெயர் வேறாக இருக்க வேண்டும்" என்றான். உடன் படிப்போர் அவனைச் 'சாத்தான்' என்று அழைத்து வந்தனர் என்பது மெல்ல மெல்ல வெளிவந்தது. தந்தையும் உடன் வந்திருந்தார். "அது என் தகப்பனார் பெயருங்க ஐயா" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் மாற்றத்துக்குரிய முறை யாது, அரசிதழில் எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பனவற்றை எடுத்துரைத்தேன்; மாற்றிக்கொள்வது அவர்கள் உரிமை என்றும் சொன்னேன். அதன்பின், அரச்சலூர்ப் பாறையையும் செங்கடல் ஓட்டையும் பற்றி அவனுக்குக் கூறினேன். மறுவாரம் இலக்கண வகுப்பில், எவர் பெயரையும் சுட்டாமல், அதனையே வகுப்பு முழுவதற்கும் கூறினேன். பெயர் மாற்ற விண்ணப்பம் என் மேசைக்கு வரவே இல்லை. கேலி முற்றிலும் நின்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அதற்குப்பின் அவன் தலை குனியாமல் நடந்தான்.

தமிழில் 'பேரன்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மகனால் தந்தை பெயர் பெற்றதும் உண்டு. சாத்தன் என்பதனோடு தந்தை என்பது சேர்ந்தால் சாத்தந்தை ஆகும் என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். சாத்தந்தையார் என்னும் புலவரின் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கொங்கு நாட்டில் சாத்தந்தை என்பது இன்றும் ஒரு குலத்தின் பெயர். செட்டிநாட்டில் சாத்தப்பன் என்னும் பெயர் வழங்குகிறது. தென்பெண்ணை ஆற்றின்மேல் அணை அமைந்த சாத்தனூரும், திருமூலர் வரலாற்றில் வரும் சாத்தனூரும் மறைந்த பெயருக்குச் சான்றாய் நிற்கின்றன. ஆளை விட்டு நீங்கிய பெயரை ஊர் காத்துவருகிறது.

மாணவர்களே! பழம்பெயர்களை எல்லாம் மீண்டும் சூட்டவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. பெயர்கள் காலத்தோடு தோன்றும், மறையும்; அஃது இயற்கை. உங்களிடம் வேண்டுவன இரண்டே. உங்கள் பாட்டன் பாட்டியின் பெயர்களைக் கேட்டு, பொருளோடு எழுதி வையுங்கள். அவர்களுக்கு முற்பட்டோர் பெயர் தெரிந்தால் அதனையும் எழுதுங்கள். புதுமையாய் ஒலிக்கும் பெயருடைய ஒருவன் உங்கள் வகுப்பில் வந்து அமர்ந்தால், நகைப்பதற்கு முன்னே அதன் பொருளைக் கேளுங்கள். ஒரு பெயரின் பெருமையும் சிறுமையும் அதனை அழைப்பவர் வாயிலே இருக்கின்றன.