செவிலியர் பற்றாக்குறையும் செவிலியரின் வேலையின்மையும்

(பெரார்கஞ்சில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூட்டம் தொடங்குமுன் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நாட்டில் செவிலியர் போதவில்லை என்கிறார்கள். படிப்பை முடித்த என் மகளோ வீட்டில் இருக்கிறாள். இதில் எது உண்மை?” இரண்டும் உண்மையே. அது எப்படி என்பதே இன்றைய என் பேச்சு.

பயிற்சி மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவுப் பணியில் ஒரே செவிலியர் ஒரு கூடம் முழுவதையும் கவனிப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் நோயாளி பெருகுவதால் மட்டும் பணியிடம் உருவாகிவிடுவதில்லை. நிதித்துறை ஒப்புதல் அளித்தால்தான் பணியிடம் பிறக்கிறது. ஒப்புதல் மறுக்கப்படும்போது கூடத்தில் பற்றாக்குறை, வீட்டில் வேலையின்மை. சட்டமன்றம் இல்லாத இந்தத் தீவுகளில் அந்த முடிவு தில்லியின் கையில் இருக்கிறது.

பணியிடம் திறந்தாலும் அது எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தியே செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. தரப்பட்டதோ மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி பொய்த்ததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் திரண்டார்கள். கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிக்கப்பட்டது. கைதட்டி வரவேற்றவர்களையே வெளியே அனுப்பினார்கள்.

தனியார் துறைக்குப் போகலாமே என்பார்கள். இத்தீவுகளில் பெரிய தனியார் மருத்துவமனைகள் அரிது. கப்பலேறிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போகவேண்டும். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்காகவே புதிதாகப் படித்தவர் எந்தச் சம்பளத்துக்கும் உடன்படுகிறார் என்பது நிர்வாகங்களுக்குத் தெரியும். விடுதிக் கட்டணமும் கல்விக் கடன் தவணையும் போக வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சுவதில்லை.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதன்பேரில் அமைந்த வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தானாகச் சம்பளமாகிவிடவில்லை. கேரளத்தில் செவிலியர் சங்கமாகத் திரண்டு, வேலைநிறுத்தம் செய்து, சேர்த்தலையிலிருந்து நெடும்பயணம் புறப்படவிருந்த வேளையில்தான், 2018 ஏப்ரலில், குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளிவந்தது. அங்கு ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. அந்த அரசுக்கும் இந்த நெருக்குதல் தேவைப்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அவள் கூலிக்காக வளர்த்தாள் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. அந்த அழகிய சொல்லை ஒரு தொழிலுக்குச் சூட்டினோம். கூலி கேட்காத தாய் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிட்டது. சம்பளம் கேட்கும் செவிலியரிடம் “இது சேவை அல்லவா?” என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. சாந்தி தெரசா லக்ரா சுனாமிக்குப் பின் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கி மக்களோடு காட்டில் தங்கிப் பணியாற்றினார். 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரை வணங்குவோம். ஆனால் விருதைக் காட்டி ஊதியத்தை மறுப்பதை ஏற்கமாட்டோம்.

ஆகவே நமக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, இவ்வட்டத்தின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். இரண்டாவது, படித்து முடித்த பெண்களையும் ஒப்பந்தச் செவிலியரையும் ஒரே கூட்டத்துக்கு அழைப்போம். ஒருவர் வேலைக்கு மற்றவர் போட்டி என்று அவர்கள் நினைக்கும்வரை நிர்வாகமே வெல்லும். மூன்றாவது, காலியிடத்தைக் காட்டி மருத்துவமனைக்கு வரும் மக்களிடம் பேசுவோம். செவிலியர் இல்லாத இரவில் முதலில் துன்பப்படுபவர்கள் அவர்கள்தாம்.

தோழரே, உங்கள் மகள் தகுதி குறைந்தவர் அல்லர். அவருக்குரிய பணியிடத்தைத் திறக்காமல் வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.