ஆளுக்கொரு கவசம் வேண்டும்



தீயணைப்பு வண்டிகள் பலவற்றில் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் ஆசனத்தின் சாய்விலேயே பொருத்தப்பட்டிருக்கும். வீரர் உட்கார்ந்தபடியே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவார். அடுத்தவருடையதை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

மருந்தடிக்க நாம் எப்படிப் போகிறோம்? ஒருவர் கழற்றிய கையுறையை இன்னொருவர் போடுகிறோம். முகத்துக்குப் பழந்துணி. முதுகிலுள்ள மருந்துத் தாங்கி ஒழுகினால் சட்டை நனைகிறது. மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பரகுவாட் தடையானதோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. அதே சட்டையோடு லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிறோம்.

நாம் கேட்பது இதுதான்: ஆளுக்கொரு முகமூடி, கையுறை, சப்பாத்து, மேலங்கி, வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்ற ஓர் இடம். மருந்தடிக்கும் எல்லோருடைய பெயரையும் சப்பாத்து அளவையும் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் நிர்வாகத்திடம் பேசப் போகிறோம்.