பிரிந்த இழைகள் கூடுமா?



கயிற்றைப் புரி பிரித்துப் போட்டால் அது தானே மீண்டும் முறுக்கேறுவதில்லை. நம் உயிரணுவுக்குள் உள்ள டி.என்.ஏ. என்னும் கயிற்றின் இயல்பு வேறு.

அது ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகளால் ஆனது என்பதை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினர். ஓர் இழையில் அடினைன் உள்ள இடத்திற்கு நேரே மற்றதில் தைமின் நிற்கும். குவானைனுக்கு நேரே சைட்டோசின் நிற்கும். முன்னைய இணையை இரண்டு ஐதரசன் பிணைப்புகளும் பின்னையதை மூன்றும் பிடித்து நிற்கின்றன. தனித்தனியே இவை வலுவற்றவை. ஆகவே, உயிரணுவில் நொதிகள் செய்யும் பிரிவினையை ஆய்வுக்கூடத்தில் வெப்பம் செய்துவிடுகிறது. பிரிந்ததை எவ்வாறு அறிவது? பிரிந்த இழைகள் புற ஊதாக் கதிரை முன்னினும் ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதியாக உட்கொள்ளும்.

சரி, பிரிந்தவை கூடுமா? 1960-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் மார்மர், பால் டோட்டி முதலியோர் இதற்கு விடை கண்டனர். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை எதிர்த்து நிற்கும் நிமோனியாக் கிருமியின் டி.என்.ஏ.வை, அம்மருந்தால் மடியக்கூடிய கிருமிகளுக்கு அளித்தால், அவற்றுள் சில அவ்வெதிர்ப்பாற்றலைப் பெறும். இதனையே உரைகல்லாகக் கொண்டனர். கொதிநிலைக்கு அருகே சூடாக்கிய டி.என்.ஏ.வைத் திடீரெனக் குளிர்வித்தபோது, ஆற்றலை வழங்கும் அத்திறன் பெரும்பாலும் ஒழிந்தது. மெல்ல மெல்ல ஆறவிட்டபோதோ, அதில் கணிசமான பகுதி மீண்டு வந்தது!

காரணம் யாது? திடீர்க் குளிரில் இழைக்குத் தன் துணையைத் தேட அவகாசமில்லை. தன்மேலேயே மடிந்து கண்டபடி ஒட்டிக்கொள்கிறது. மிதமான வெப்பத்திலோ, தவறாக ஒட்டியவை உடனே கழன்றுவிடும். நெடுகப் பொருந்தியவையே நிலைக்கும். கரைசலில் உப்பும் வேண்டும். இழைகள் இரண்டும் எதிர்மின்னூட்டம் உடையவையாதலின் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் நேர்மின் அயனிகள் அதனைத் தணிக்கும். பாடநூல்கள் பல இவ்வுப்பைச் சொல்லாமல் விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

1983-இல் காரி மல்லிஸ் இவ்வியல்பைப் படியெடுக்கும் கருவியாக்கினார். சுமார் 95 பாகை வெப்பத்தில் இழைகள் பிரியும். 55 பாகையளவில் சிறு துணுக்கிழைகள் தமக்குரிய இடத்தில் சென்று பொருந்தும். பின்னர், வெப்பத்தைத் தாங்கும் நொதியொன்று 72 பாகையில் எஞ்சிய இழையை வளர்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதாகக் கொண்டால், 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு 100 கோடிக்கு மேற்படும். 2020-இல் கொரோனாத் தொற்றை அறிய மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதித்ததும் இம்முறையாலேதான். அவ்வைரசிடம் இருப்பது ஆர்.என்.ஏ.; ஆதலால் அதனை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டே சோதனையைத் தொடங்கினர்.